கீரைச்சட்டியின் கதை – 8: மண் சுமந்தவர்களின் கீரை

சென்ற வாரம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்தோம். அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களுக்கு முதலாளிகள் அளந்த படியைப் பார்த்தோம். மாதத்துக்கு எட்டு பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் சோளமாவு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் உள்ள கணக்கு இது.

அந்தக் கணக்கில் கீரை கிடையாது. அதை அவர்களே குடிசைக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். காலர்டு என்ற அந்தக் கீரை முட்டைக்கோஸ் இனம். ஆனால் உருண்டை கட்டாமல் அகல இலையாகவே வளரும். காஷ்மீரத்து ஹாக் கீரையும் இதே வகைதான். தடித்த நரம்பை உரித்தெடுத்து, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக் கணுக்காலோடு மணிக்கணக்கில் வேகவிட்டார்கள். சட்டியில் நின்ற சாற்றைக் கீழே ஊற்றவில்லை. சோளரொட்டியை அதில் தோய்த்துத் தின்றார்கள். 1960-களில் சோல் ஃபுட் என்ற பெயரோடு அது உணவகங்களுக்கு ஏறியது.

அந்தச் சட்டியில் உப்பு இருந்தது. இறைச்சியோடு வந்த உப்பு.

இந்த வாரம் நாம் திறக்கப்போகும் சட்டி மதுரைச் சட்டி. காலம், தாது வருஷம். 1876.

◆ ◆ ◆

ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் புட்டுத்தோப்புக்கு வழி சொல்வார்கள். ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் அங்கே எழுந்தருள்கிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருகிறார். பிட்டுக்கு மண் சுமந்த லீலை அங்கேதான் நடக்கிறது.

கதை ஊரறிந்தது. வைகை கரையை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவன் கூலியாளாக வந்து நிற்கிறார். பேசிய கூலி, உதிர்ந்த பிட்டு. தின்றுவிட்டு வேலையைச் சரியாகச் செய்யாத அந்தக் கூலியாள் மீது விழுந்த பிரம்படி, அடித்தவன் உட்பட எல்லோர் முதுகிலும் பட்டது.

மண் சுமக்கிறவனுக்கு எவ்வளவு சோறு கொடுக்க வேண்டும்? புராணத்தில் வந்தியும் கூலியாளும் பேசித் தீர்த்துக்கொண்ட கேள்வி அது. 1877-ல் சென்னை மாகாணம் முழுவதும் அதே கேள்வியின் முன்னால் நின்றது. இந்தத் தடவை பதில் சொல்லும் இடத்தில் வந்தி இல்லை. கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் அதிகாரி இருந்தார்.

◆ ◆ ◆

1876-ல் தென்மேற்குப் பருவம் ஏமாற்றியது. ஐப்பசியில் பெய்யும் என்று காத்திருந்த வடகிழக்கும் ஏமாற்றியது.

வைகையை நம்பிய ஊருக்கு வறட்சி புதிதில்லை. கண்மாய் வற்றும்; கிணறு கீழே போகும்; அந்த வருஷம் கம்புக்கும் சோளத்துக்கும் குதிரின் அடியைக் கையாலேயே சுரண்டுவார்கள். அடுத்த மழைவரை தாங்குவதற்கு ஊர்க் குலுக்கையில் தானியம் கிடக்கும். இந்த முறை வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

ரயில்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875-ல். 1876 பிறந்தபோது அது தூத்துக்குடிவரை நீண்டுவிட்டது. பஞ்சம் வந்தால் ரயில் தானியத்தைக் கொண்டுவந்து இறக்கும் என்று பாதை போட்டவர்கள் சொன்னார்கள். இறக்கவும் செய்தது. ஆனால் தண்டவாளம் இரண்டு பக்கமும் போகும். எங்கே விலை கூடுதலோ அங்கே மூட்டை போனது. தந்தியில் சென்னை விலை தெரிந்த வியாபாரி மதுரையில் மலிவாக விற்பானேன்? விலை எல்லா ஊரிலும் ஒன்றுபோல ஏறியது. தானியம் கண்ணெதிரே ஸ்டேஷனில் அடுக்கிக் கிடக்க, வாங்கக் கையில் காசில்லாதவர்கள் பட்டினி கிடந்தார்கள். ஊரில் உணவு இல்லாமல் சாவது பழைய பஞ்சம். உணவு இருந்தும் எட்டாமல் சாவது புதிய பஞ்சம். என் கணக்கில் தாது வருஷம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

பெல்லாரி, கர்நூல், சேலம் ஜில்லாக்கள் பட்ட பாடு மதுரையைவிடக் கொடியது. அதற்காக மதுரை தப்பிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். 1871 கணக்கில் 22 லட்சத்தைத் தாண்டியிருந்த மதுரை ஜில்லா, 1881-ல் 21 லட்சத்துச் சொச்சமாகத் தேய்ந்தது. பத்து வருஷத்தில் ஏறியிருக்க வேண்டிய எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. செத்தவர்கள் பாதி, கண்டிச்சீமைக்குக் கப்பலேறியவர்கள் பாதி என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள்.

◆ ◆ ◆

1877 ஜனவரி 1. டெல்லியில் வைசிராய் லிட்டன் தர்பார் கூட்டினார். விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கப்பட்டார்.

அதே மாதத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் தென்னாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

டெம்பிளைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். மூன்று வருஷத்துக்கு முன், 1873–74 பீகார் பஞ்சத்தில், அவர் பர்மாவிலிருந்து அரிசி தருவித்து தாராளமாக அளந்தார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டில்லை. வீண்செலவுக்காரர் என்ற வசவு. உயிர்களைக் காப்பாற்றியதற்காகத் திட்டு வாங்கிய மனிதர், இந்த முறை சிக்கனக்காரர் என்று பேர் வாங்கத் தீர்மானித்து வந்தார்.

மாகாணம் எங்கும் நிவாரண வேலைகள் நடந்தன. சாலைக்கு மண், கண்மாய்க்கு மண், வாய்க்காலுக்கு மண். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சுமந்தார்கள். நாள் முழுக்கச் சுமந்த ஆணுக்கு டெம்பிள் விதித்த கூலி, ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு.

எதிர்த்து எழுந்தவர் ஒரு டாக்டர். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். ஒன்றரை பவுண்டு, அதாவது 680 கிராம் தானியம் இல்லாமல் கூலிக்காரன் உடம்பு தாங்காது என்றார். அத்தோடு நிறுத்தவில்லை. தானியம் மட்டும் போதாது. பருப்பு போன்ற புரதமும் காய்கறியும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எழுதினார்.

இந்தத் தொடரில் எட்டு வாரமாக நான் தேடிக்கொண்டிருப்பது இப்படி ஒரு குரலைத்தான். படியளந்த அரசாங்கங்கள் எல்லாம் தானியத்தை அளந்தன. கீரை காய் இல்லாத படி, படியே ஆகாது என்று ஓர் அரசாங்க ஊழியர் காகிதத்தில் எழுதி வாதாடியது தாது பஞ்சத்தில்தான்.

மார்ச் மாதம் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது. 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு.

தானியம் ஏறியது. பருப்பு வந்தது. காய்கறி வரவில்லை.

அது ஜனங்கள் தாமே தேடிக்கொள்ள வேண்டியதாக நின்றது. அடிமைக் குடிசைக்குப் பின்னால் நின்றதுபோலவே.

◆ ◆ ◆

என்ன தேடினார்கள்?

முதலில் மரங்கள். மழை இல்லாவிட்டாலும் வேர் ஆழமாகப் போன முருங்கையும் அகத்தியும் கொஞ்ச நாள் தழை கொடுக்கும். மதுரைப் பக்கத்து வீடுகளில் இன்றும் அகத்திக்கு ஒரு பக்குவம் உண்டு. கசக்கும் கீரை அது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றி, சின்ன வெங்காயமும் சீரகமும் போட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் விடுவார்கள். தண்ணிச்சாறு என்று பேர். வயிற்றுப் புண்ணுக்கு அதைவிட நல்லது இல்லை என்பார்கள். தாது வருஷத்தில் களைய அரிசி எங்கே, களைந்த தண்ணீர் எங்கே? தழையை வெந்நீரில் போட்டு எடுத்தார்கள்.

மரங்கள் மொட்டையானபின் கிழங்கு. கோரைக்கிழங்கு, கற்றாழைக் குருத்து, புளியங்கொட்டை, சப்பாத்திக்கள்ளிப் பழம். பஞ்சக் கதை சொல்லும் பாட்டிகள் எல்லோரும் இந்தப் பட்டியலை ஒப்பிப்பார்கள். வரிசை மட்டும் மாறும்.

நாம் வழக்கமாகச் சொல்லும் கீரைகள், அதாவது தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டி, சாரணத்தி, கோழிக்கீரை, இவை அப்போது இல்லை. பலர் மறந்துவிடும் விஷயம் இது. பஞ்சத்தில் கீரை தின்று உயிர் பிழைத்தார்கள் என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். ஈரம் இல்லாத நிலத்தில் எந்தக் கீரை முளைக்கும்? கொடும் வறட்சியின் நடுவில் கீரையும் பட்டினியில்தான் கிடந்தது.

கஞ்சித்தொட்டிகள் திறந்தன. வடக்காவணி மூல வீதியில் இருந்த குஞ்சரத்தம்மாள் என்ற தாசி, தன் சொத்தையெல்லாம் விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றினாள் என்று மதுரை சொல்கிறது. வாய்மொழியாக இருந்த அந்தக் கதையைச் சு. வெங்கடேசன் எழுதிப் பரவலாக்கினார். ஆபுத்திரன் கையில் சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுத்தது இதே ஊரில்தான் என்கிறது மணிமேகலை. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தின் ஊரில், குறையும் என்று தெரிந்தே ஒருத்தி அள்ளி ஊற்றியிருக்கிறாள். அவளை நான் பெரியவள் என்பேன்.

◆ ◆ ◆

1877-ன் பிற்பாதியில், தவணை தவறி, மழை வந்தது.

நம் கதையின் முக்கியமான கட்டம் இது. மெதுவாகப் பார்ப்போம்.

மழை பெய்த மறுநாள் தானியம் வராது. கம்பு கதிர் முற்ற மூன்று மாதம் ஆகும். விதை தின்று தீர்த்த வீட்டில் அதுவும் கிடையாது. ஆனால் மண்ணுக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்த கீரை விதைகளுக்கு யாரும் உழ வேண்டாம், விதைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் தலை காட்டும். மூன்று வாரத்தில் கிள்ளலாம். செம்மண் புஞ்சையில் தொய்யக்கீரை, கரிசலில் சாரணத்தி, குப்பை மேட்டில் குப்பைக்கீரை. பஞ்சம் முடிந்தது என்று பூமி அனுப்பும் முதல் சேதி கீரைதான்.

பட்டினியில் கிடந்தவர்கள் அதன்மேல் விழுந்தார்கள். யார்தான் விழமாட்டார்கள்?

இங்கே சமையலறைக்குள் ஒரு நிமிஷம் போய்வர வேண்டும். கீரை ஏன் கடையப்படுகிறது? ஆய்ந்து, மூன்று தண்ணீர் அலசி, மண்சட்டியில் கொதிநீரில் போட்டு, வெந்ததும் பூண்டு, சீரகம், மிளகாயோடு மத்தால் கடைந்து, பருப்போ சோறோ கம்பங்களியோ சேர்த்துத் தின்கிறோம். இலையின் நார் உடைகிறது. கூடவே தானியம் இருப்பதால் கீரை துணை உணவாக வயிற்றுக்குள் போகிறது. வடித்த சாற்றில் களியைத் தொட்டுத் தின்பதும் அதற்குத்தான். காலர்டு சாறும் சோளரொட்டியும் இதே ஜோடிதான். கடல் கடந்த இரண்டு ஏழைச் சமையல்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: கீரைக்குத் தானியம் வேண்டும், தானியத்துக்குக் கீரை வேண்டும், இரண்டுக்கும் உப்பு வேண்டும்.

1877-ல் ஜோடி பிரிந்து கிடந்தது. நிவாரண முகாமில் தானியம், கீரை இல்லை. மழைக்குப் பின் காட்டில் கீரை, தானியம் இல்லை. மாதக்கணக்காகச் சுருங்கிய குடலுக்குள் வெறும் தழை போனது. பஞ்சகாலச் சாவுகளைப் பதிந்த மருத்துவர்கள் பட்டினி என்ற ஒரே சொல்லில் நிற்கவில்லை. சீதபேதி, வயிற்றுப்போக்கு, காலரா, மழைக்குப் பின் வந்த மலேரியாக் காய்ச்சல் என்று எழுதினார்கள். மழை வந்தபின்னும் சாவு நிற்கவில்லை.

◆ ◆ ◆

அந்த நேரம் பார்த்து வந்தது உப்பு உத்தரவு.

சென்னை மாகாணத்தில் உப்பு 1805-லிருந்து அரசாங்க ஏகபோகம். கடலோரத்தில் யார் காய்ச்சினாலும் அரசாங்கம் வைத்த விலைதான். 1877 முடிந்து 1878 பிறக்கும் வேளையில், நாடு முழுவதும் உப்பு வரியைச் சமப்படுத்துகிறோம் என்று இந்திய அரசின் நிதிப்பொறுப்பில் இருந்த ஜான் ஸ்ட்ராச்சி முடிவு செய்தார். அதிக வரி இருந்த வங்காளத்தில் கொஞ்சம் இறக்கினார்கள். சென்னையிலும் பம்பாயிலும் ஏற்றினார்கள். மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணாவாயிற்று. ஒரு மணங்கு சுமார் 37 கிலோ. பதினோரு அணா ஏற்றம்.

பஞ்சம் இன்னும் முழுசாகத் தீராத மாகாணத்தில்.

கணக்கெழுதுகிறவர் கண்ணுக்குச் சின்னத் தொகை. இலையும் கூழுமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு, இறைச்சி தின்கிறவர்களைவிட உப்பு கூடுதலாக வேண்டும். வெயிலில் வியர்த்து மண் சுமப்பவர்களுக்கு இன்னும் வேண்டும். வயிற்றுப்போக்கில் படுத்தவர்களுக்கோ உடம்பிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து போவது உப்புதான். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலமாகக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலின் சூட்சுமம் அதுவே. அன்று அதை யாரும் அறிந்திருக்கவில்லை என்று ஒதுக்கிவிடலாம். கீரையை உப்பில்லாமல் தின்னமுடியாது என்பதுமா தெரியாது?

கீரைக்கு வரி போட முடியாது. அது குப்பையில் முளைக்கிறது; வேலி இல்லை, எடை இல்லை, மூட்டை இல்லை. அதனால் கீரையை உணவாக மாற்றும் பொருளுக்குப் போட்டார்கள்.

தொடரின் இரண்டாம் வாரத்தில் சந்தித்த இரண்டு பெண்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. புறநானூற்றில் பெருஞ்சித்திரனாரின் மனைவி, குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்தாள். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுபவர் வீட்டுப் பெண், குப்பை வேளையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் சமைத்து, அயலார் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்டாள். இரண்டு புலவர்களும் வறுமையின் அடிமட்டத்தைக் காட்டத் தேர்ந்தது ஒரே அடையாளம். கீரையும் அதில் இல்லாத உப்பும்.

அந்த வீடுகளில் உப்பு இல்லாததற்கு வறுமை காரணம். 1878-ல் வறுமையோடு ஓர் அரசாணையும் சேர்ந்தது. 52 வருஷம் கழித்து ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது வழிநெடுகச் சோறு போட்ட ஜனங்களில், தாது வருஷத்துக் கதையைத் தாய் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

◆ ◆ ◆

பஞ்சத்துக்குப் பின் மதுரையில் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து நடந்தன.

பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. நிவாரணத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. நீண்ட காலம் காகிதத்திலேயே கிடந்த பெரியாற்றுத் திட்டம் உயிர்பெற்றது. 1887-ல் பென்னிகுவிக் வேலையைத் தொடங்கினார்; 1895 அக்டோபரில் அணை திறந்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போன நீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. மானாவாரிக் கம்பங்காடுகள் நெல்வயலாயின. கம்புக்கு ஊடே தானாக முளைத்து, தின்னக் கிடைத்த தொய்யக்கீரைக்கு, தண்ணீர் நிற்கும் வயலில் இடமில்லை.

இதற்கு நடுவே, 1892-ல், ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை எழுந்தது. சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து ஓடும் ஒரு புதிய ஜனம் ஆரப்பாளையத்தைச் சுற்றிக் குடியேறியது. கிராமத்தில் விட்டுவந்த காடு அவர்களுக்கு இங்கே இல்லை. கீரை கிள்ளப் போக நேரமும் இல்லை. ஆனால் சாயந்திரம் அடுப்பில் ஏற்ற ஒரு சட்டி இருந்தது. வாரக் கடைசியில் கையில் கொஞ்சம் சில்லறையும் இருந்தது.

அதுவரை மதுரைச் சீமைக் கிராமங்களில் கீரை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பொருளாக இல்லை. கிள்ளியவர்களுக்குச் சொந்தம், கேட்டவர்களுக்கு ஒரு கை. வைகைக் கரைத் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, பாத்தி கட்டி, அரைக்கீரையும் தண்டுக்கீரையும் விதைத்து, வாழைநாரில் கட்டுக்கட்டி, விடியுமுன் கூடையில் சுமந்து மில் தெருக்களுக்குள் நுழைந்தவர்கள் யார்? குப்பையில் முளைத்ததற்கு முதல் விலை வைத்தது விற்ற கையா, வாங்கிய கையா?

(அடுத்த வாரம்: கூடைக்காரிகள்)